ஆறு மணிவரை நேரம் இருந்தது

நான் பொய் பேசமாட்டேன் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. என் பிள்ளைகள்கூட அதை நம்புகிறார்கள். “எங்கம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லிடும், பொய் வராது” என்று கூட்டாளிகளிடம் பெருமை வேறு. கேட்கும்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். ஒரு பொய் சொன்னேன். ஒரு மெஷின்மேல் பழியைத் தூக்கிப் போட்டேன். அதற்கு வாய் இல்லை, அதனால் அது மறுக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில், கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில் ஒரு தோட்டக் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். சுற்றிலும் இருந்த ஐந்து ரப்பர் தோட்டங்களின் காகித வேலை முழுவதும் எங்களிடம்தான் வரும். தலைமை அலுவலகம் பினாங்கில். ஆள் பட்டியல், லீவுப் பட்டியல், மாற்றல் பட்டியல் என்று எதுவானாலும் மூன்று கார்பன் வைத்து அடித்து உறையில் போட்டுவிடுவேன். எங்கள் டிஸ்பேட்ச் அண்ணன் அதைத் தோல்பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பட்டர்வொர்த் போய், பெரி படகு ஏறி, பினாங்கில் கொடுத்துவிட்டு வருவார். அவர் புறப்பட்ட பிறகு ஏதாவது தப்பு தெரிந்தால் பயமில்லை. பாக்கார் ஆராங் முனையில் ஒரு டீக்கடையில் தே தாரேக் குடிக்காமல் அந்த மனிதர் ஊரைத் தாண்டமாட்டார். கடைக்குப் போன் போட்டு நிறுத்தி, பையைத் திரும்ப வாங்கி, திருத்தி அனுப்பிவிடலாம். இப்படி எத்தனை தடவை என் மானம் தப்பியிருக்கிறது என்று எனக்கே கணக்கில்லை.

எண்பதுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வந்தது. மேசைமேல் வைக்கிற சின்னது எங்களுக்கு. பினாங்கில் ஓர் அறை நிறைய நிற்கிற பெரியது தலைமை அலுவலகத்துக்கு. அந்தப் பெரியதை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. இரண்டையும் டெலிபோன் கம்பி வழியாகப் பேசவைக்க பினாங்கிலிருந்து ஒரு சீன டெக்னீசியன் வந்து மூன்று நாள் தங்கினார். அவர் செய்துவைத்த ஏற்பாடு எளிமையானது. நான் பட்டியலை அடித்து, மெஷினுக்குள் ஓர் இடத்தில் போட்டு வைக்கவேண்டும். அவர் அதற்கு ஏதோ பேர் சொன்னார். நான் அதைப் ‘போகிற தட்டு’ என்று வைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஆறு மணி அடித்தால், டெலிபோன் கட்டணம் குறைகிற நேரம் அது, மெஷின் தானாகவே பினாங்கு நம்பரைச் சுற்றும். பெரிய கம்ப்யூட்டர் எடுக்கும். இது தன் ரகசியச் சொல்லைச் சொல்லும். தட்டில் உள்ள கோப்புகளை எல்லாம் அனுப்பிவிட்டு, நமக்கு அங்கிருந்து ஏதாவது இருந்தால் வாங்கிக்கொண்டு, தானே போனை வைத்துவிடும். லைன் கிடைக்காவிட்டால் மூன்று தடவை முயன்று பார்க்கும். மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தால் பிரிண்டரில் ஒரு துண்டுச்சீட்டு நிற்கும், இத்தனை பேர் கொண்ட இன்ன பட்டியல் போய்ச் சேர்ந்தது என்று.

“யாரும் பக்கத்தில இருக்க வேணாம்” என்று டெக்னீசியன் இங்கிலீஷில் இரண்டு தடவை சொன்னார். எனக்கு அதுதான் நம்பமுடியவில்லை. ஆள் இல்லாத அறையில் ஒன்று போனைச் சுற்றிப் பேசுமா! கூட்டிப் பெருக்க வரும் மலாய்க்கார மாக்சிக் அம்மா ஒருநாள் ஆறு மணிக்கு அது கிர்ரென்று சுற்றுகிற சத்தத்தைக் கேட்டு, துடைப்பத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடியிருக்கிறார். ஆபீஸில் ஹந்து, அதான் பேய், இருக்கிறது, இனிமேல் ஐந்து மணிக்குள் பெருக்கிவிட்டுப் போய்விடுவேன் என்று மானேஜரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆயுத பூஜைக்கு ஆபீஸ் பையன்கள் அதற்கும் விபூதி பூசிக் குங்குமம் வைத்தார்கள். கிறிஸ்தவ வேதக்காரியான நானே குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் கூட இல்லாமல் வேலை செய்கிற ஒன்றுக்குக் கொஞ்சம் மரியாதை கொடுத்துவைப்பது நல்லது என்று தோன்றியது. பிளக்குக்குப் பக்கத்தில் மலாயில் ‘சுவிட்சை அடைக்காதே’ என்று எழுதி ஒட்டினேன். போகும்போது ஏர்கோனை அடைப்பேன், விளக்கை அடைப்பேன். அதை மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவிட்டு எரியவிட்டுப் போவேன்.

இங்கே கெடாவின் கிழமைக் கணக்கைச் சொல்லியாகவேண்டும். எங்களுக்கு வாரவிடுமுறை வெள்ளிக்கிழமை. வியாழன் அரை நாள். சனி, ஞாயிறு வேலை. பினாங்கில் எல்லாம் தலைகீழ், அவர்களுக்கு ஞாயிறுதான் ஓய்வு. பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை என்றால் உலகமே கதவைச் சாத்திக்கொள்ளும் என்று பழகியவள் நான். பினாங்கு எல்லையில் ஓடும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளிக்கிழமையும் ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள் என்பது தெரியும். தெரிந்து என்ன, உடம்பு அதை நம்பவேயில்லை.

அந்த வருடம் ஒரு தோட்டத்தின் ஒரு பகுதியில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடுவதாக முடிவானது. அங்கே தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களையும் உடைக்கப் போகிறார்கள். குடும்பங்களை பாலிங் பக்கம் உள்ள கம்பெனியின் இன்னொரு தோட்டத்துக்கு அனுப்பவேண்டும். யார் யார் போகவேண்டும் என்ற பட்டியலை நாங்கள் அனுப்பினால், பினாங்குக் கம்ப்யூட்டரே ஒவ்வொரு குடும்பத்துக்கும் கடிதம் அச்சடித்துவிடும்.

அந்தப் பட்டியலில் ஒரு பெண். பால்மரம் வெட்டுகிறவர், மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்கிற வேலை. கணவர் லாரியில் அடிபட்டுப் போய்ச்சேர்ந்து நாலைந்து வருடம். ஒரே மகள். அந்த வருடத் தொடக்கத்தில் ஏதோ விண்ணப்பப் பாரத்தில் கைநாட்டு வைக்க மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். மகள் பாரத்தை மலாயில் படித்து, தமிழில் அம்மாவுக்குச் சொல்லி, வைக்கவேண்டிய இடத்தில் விரலைப் பிடித்து வைத்தாள். பள்ளிச் சீருடையில் இருந்தாள், வெள்ளைக் காலணியில் செம்மண். அம்மாக்காரர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இந்த மாதிரி நாக்காலில உட்காரணும்னா எவ்வளவு படிக்கணும்மா?”

“ஸ்கூல் முடிக்கிற அஞ்சாம் பாரம் பரீட்சை பாஸ் பண்ணணும்க்கா. அது இருந்தா போதும்.”

“இந்த வருசக் கடைசியில எழுதப்போவுது. டீச்சரு கண்டிப்பா பாஸாயிரும்னு சொல்லிட்டாங்க” என்று சொல்லிவிட்டு, என் நாற்காலியின் முதுகைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். மகளுக்கு வெட்கம் தாங்கவில்லை. “வாம்மா, போலாம்” என்று இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு அன்று முழுக்க ஒரே குஷி, என் நாற்காலியை ஒருவர் இவ்வளவு பெரிதாக நினைத்தாரே என்று.

அப்புறம் அந்த வியாழக்கிழமை. பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. மாற்றல் பட்டியலை காலையிலேயே அடித்து முடித்துப் போகிற தட்டில் போட்டுவிட்டேன். நாற்பத்து மூன்று குடும்பம். பன்னிரண்டரைக்கே மெஷினுக்கு உறை போட்டு மூடி, கைப்பையைத் தோளில் மாட்டிவிட்டேன். ஒரு மணிக்கு எனக்குச் சீனச்சி கடையில் முடி சுருட்டுகிற அப்பாயிண்ட்மெண்ட். ஆமாம், பெர்ம். அந்தக் காலத்தில் அதுதான் பைத்தியம். மறுநாள் லூனாஸில் என் பெரியம்மா மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து நிறையப் பேர் வருகிறார்கள், அவர்களில் ஒருவரை எனக்கும் பார்க்கலாம் என்று பெரியம்மா ஜாடையாகச் சொல்லிவைத்திருந்தார். சீனச்சி கடையில் வியாழக்கிழமை மத்தியானம் இடம் கிடைப்பது லேசில்லை. பத்து நிமிடம் தாமதித்தால் அடுத்தவளை உட்காரவைத்துவிடுவாள்.

பன்னிரண்டே முக்காலுக்குப் போன் அடித்தது. எடுக்காமல் போயிருக்கலாம். எடுத்தேன். அந்தத் தோட்டத்து ஆபீஸ் கிளார்க், கிராணி என்போம், நல்ல மனிதர், குரலில் ஒரு சந்தோஷம்.

“தங்கச்சி, அந்த அம்மா பேர மட்டும் லிஸ்ட்ல இருந்து எடுத்துரு. தோட்டத்துத் தொரைகிட்ட பேசிட்டேன். மக பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் மேல்பக்கத்து லயத்துல ஒரு வீட்டுல இருந்துக்கட்டும்னுட்டாரு. வருசக் கடைசியில மாத்திக்கலாம்.”

“சரிண்ணே, எடுத்துர்றேன்.”

“மறந்துராத லா. அந்தப் பிள்ள அழுதுக்கிட்டு நிக்குது.”

“மறக்கமாட்டேண்ணே.”

மறக்கவில்லை. அதுதான் விஷயம். மறந்துபோனேன் என்றால் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். போனை வைத்துவிட்டு உறை போட்ட மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உறையை எடுக்கவேண்டும், பட்டியலைத் திறக்கவேண்டும், ஒரு வரியை அழிக்கவேண்டும், அடியில் உள்ள நாற்பத்து மூன்றை நாற்பத்திரண்டாக்கவேண்டும், ஒரு பிரிண்ட் எடுத்துச் சரிபார்க்கவேண்டும். மொத்தம் பத்து நிமிடம். ஆறு மணிவரை அந்தக் கோப்பு அங்கேயேதான் கிடக்கும், ஒன்றும் செய்யாது. முடி சுருட்டிவிட்டு நாலரைக்குத் திரும்பி வந்து எடுத்தாலும் போதும். இல்லையென்றால் சனிக்கிழமை காலையில் ஒரு திருத்தம் அனுப்பினால் போயிற்று, வெள்ளிக்கிழமை யார் இதைப் பார்க்கப் போகிறார்கள்! இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கதவைப் பூட்டினேன். மாடிப்படி இறங்கும்போது மனசு குறுகுறுத்தது. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. குறுகுறுத்ததை நான் கவனித்தேன், கவனித்துக்கொண்டே இறங்கினேன்.

பெர்ம் மூன்றரை மணி நேரம் ஆனது. தலை முழுக்கச் சுருள், மருந்து நாற்றம். நாலே முக்கால் இருக்கும், அலுவலகம் இருந்த தெருவின் முனையிலேயே நின்றேன். லூனாஸ் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்தில் எல்லோரும் என் முடியைப் பற்றியே பேசினார்கள். அந்தப் போட்டோ இன்னும் என் அக்கா வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறேன்.

அதே வெள்ளிக்கிழமை காலையில், நான் இட்லிக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், பினாங்கில் பெரிய கம்ப்யூட்டர் நாற்பத்து மூன்று கடிதங்களை அச்சடித்துவிட்டது. அங்கே அது வேலை நாள். மத்தியானம் கம்பெனி வேன் அவற்றைத் தோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. தோட்டத்தில் ஓய்வு நாள். கிராணி தஞ்சோங் டாவாய்க்கு மீன் வாங்கப் போயிருந்தார். துரை எங்கேயோ கிளப்பில். வேலையை மேற்பார்வை பார்க்கிற ஒரு மண்டோர் கடிதங்களை வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு போனார். சனிக்கிழமை விடிந்ததும் லாரி வரும், சாமான்களோடு தயாராக நிற்கவும், திங்கட்கிழமை புது இடத்தில் காலை ஆள் எண்ணும் பெரட்டுக்கு ஆஜராகவும் என்று கடிதத்தில்.

அந்த அம்மா ஏன் போனார், துரை சரியென்று சொல்லியிருக்கிறாரே, கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பங்களா வாசலில் போய் நின்றிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். தோட்டத்து ஆட்களுக்கு டைப் அடித்த கடிதம் என்றால் தெரியும். அதை அடித்தது ஒரு ஆள், கையெழுத்துப் போட்டது ஒரு ஆள். அந்த ஆள் முன்னால் போய் நின்று அழலாம், கெஞ்சலாம், பத்துக்கு ஐந்து தடவை இரங்குவார்கள். இது அப்படி இல்லை. ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக உள்ள நீளக் காகிதத்தில், எல்லாம் பெரிய எழுத்தில், கையெழுத்தே இல்லாமல் வந்தது. “இது கம்ப்யூட்டர் அடிச்ச சூராட்டு. இதுக்கு மேல யாருகிட்டயும் பேச முடியாது” என்று மண்டோரே சொல்லியிருக்கிறார். துரை மனசு மாறிவிட்டார் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டார். ராத்திரிக்குள் பானை சட்டியைக் கட்டிவிட்டார்.

சனிக்கிழமை நான் எட்டு மணிக்கு வேலைக்கு வந்தேன். பிரிண்டரில் துண்டுச்சீட்டு. நாற்பத்து மூன்று, போய்ச் சேர்ந்தது. சரி, முதல் வேலையாகத் திருத்தத்தை அனுப்பிவிடலாம் என்று உட்காருவதற்குள் போன். கிராணி.

“என்னா தங்கச்சி இப்படிப் பண்ணிட்ட? லாரி ஆறரைக்கே போயிருச்சு! அந்தம்மாவும் ஏறிப் போயிருச்சு. லயத்துல தகரத்தப் பிரிச்சிட்டானுங்க. நான் சொன்னனா இல்லியா உன்கிட்ட?”

ஐயோ என்று ஒரு சத்தம் வந்தது என்னிடமிருந்து. அதற்குப் பின்னால் வந்ததுதான் அந்தப் பொய்.

“நீங்க சொல்றதுக்குள்ள மெஷின் அனுப்பிருச்சுண்ணே. அது தானா போற மெஷின். என் கையில இல்ல.”

சொல்லிவிட்டு அழுதேன். அழுகை உண்மை, அதில் சந்தேகமில்லை. என் அழுகையைக் கேட்டுக் கிராணியின் குரல் இறங்கிவிட்டது. “சரி சரி, அழுவாத லா. நீ என்னா பண்ணுவ, பாவம். இந்தக் கம்ப்யூட்டரு சனியன்…” என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். மானேஜரும் நம்பினார், கிராணி எத்தனை மணிக்குப் போன் செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. பினாங்கிலும் நம்பினார்கள். ஆள் இல்லாமல் வேலை செய்கிற ஒன்று என்றால், அதன்மேல் எதைப் போட்டாலும் ஒட்டிக்கொள்ளும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

அந்த அம்மாவை ஒரு வாரத்தில் திருப்பிக் கூப்பிட முயன்றார்கள். மேல்பக்கத்து லயத்து வீட்டை அதற்குள் வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்திருந்தார்கள். மகள் பாலிங்கிலிருந்து மூன்று பஸ் மாறிப் பழைய பள்ளிக்கூடத்துக்கு வந்துபோனாள். விடியற்காலம் புறப்பட்டாலும் முதல் இரண்டு பாடம் போய்விடும். பரீட்சை அந்தப் பள்ளியில்தான் பதிவாகியிருந்தது. ஹாஸ்டலில் இடம் இல்லை. ஊருக்குள் ஒரு இடம் கிடைத்தால் மூன்று மாதம் தங்கி எழுதிவிடும், தெரிஞ்ச வீடு ஏதாவது இருந்தால் சொல் என்று கிராணி எனக்கும் போன் செய்து கேட்டார்.

நான் அப்போது பாக்கார் ஆராங்கில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் ஒரு டீச்சரோடு வாடகைக்கு இருந்தேன். மூன்று அறை. மூன்றாவது அறையில் அயர்ன் பலகையும் பழைய பத்திரிகையும் கிடந்தன. பள்ளிக்கூடம் நடந்துபோகிற தூரம். போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அறையை நினைத்தேன். அவள் காலையில் எழுந்து என் எதிரே உட்கார்ந்து பசியாறுவாள். தேங்க்ஸ்க்கா என்பாள். மூன்று மாதம், தினமும். என்னால் முடியாது என்று தோன்றியது.

“பாக்குறேண்ணே, விசாரிக்கிறேன்” என்றேன். விசாரிக்கவில்லை. வியாழக்கிழமை செய்ததற்குக்கூட அவசரம் என்று ஒரு சாக்கு உண்டு. இதற்கு என்ன சாக்கு? யோசித்து, உட்கார்ந்து, தெளிவாகச் செய்தேன். இதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. அவள் இன்னும் மூன்று வாரம் பஸ் ஏறிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். பரீட்சை எழுதவில்லை. அம்மாவோடு பால்வெட்டுக்குப் போகிறாள் என்று கிராணி சொன்னார்.

மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சோம்பேறித்தனமாக இருந்தேன் சாமி, அதனால் ஒருத்தருக்குக் கஷ்டமாகிவிட்டது என்றேன். பொய்யைச் சொல்லவில்லை, அறையைச் சொல்லவில்லை. மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பினார். அவர்மேல் குற்றமில்லை, நான் கொடுத்த பட்டியலுக்குத்தானே அவர் பதில் கொடுக்கமுடியும். பெர்மை வெட்டித் தள்ளிவிட்டு மறுபடி எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டேன். சீனச்சி திட்டினாள்.

வருடங்கள் போயின. பெரியம்மா ஜாடை காட்டிய ஆள் இல்லை, வேறொருவருக்கு வாழ்க்கைப்பட்டேன். முதல் பிள்ளை வயிற்றில் ஏழு மாதம். வேலையை விடப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். எனக்குப் பதிலாக ஒரு பெண்ணை எடுத்திருக்கிறார்கள், ஒரு மாதம் கூட வைத்துக்கொண்டு வேலையை ஒப்படைத்துவிட்டுப் போ என்றார் மானேஜர். சனிக்கிழமை காலை கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. முகம் மெலிந்து நீண்டிருந்தது, ஆனால் அதே ஆள்தான்.

“அக்கா, என்னைய ஞாபகம் இருக்கா? அம்மாவோட கைநாட்டு வைக்க வந்தேனே.”

பால்வெட்டுக்குப் போய், பிறகு சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டுக்கு நின்று, அந்த நேரத்தில் தனியாகப் பணம் கட்டி அஞ்சாம் பாரம் எழுதி, இரண்டாம் தடவையில் பாஸாகி, அப்புறம் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பும் முடித்திருந்தாள். ஐந்து வருடம் சுற்றி வந்திருக்கிறாள், நேர்வழியில் ஆறு மாதத்தில் வந்திருக்கவேண்டிய இடத்துக்கு. எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். அம்மாவும் இப்போது அவளோடுதான், வாடகை வீட்டில்.

“இந்த ஆபீஸ்னு சொன்னவொடன அம்மா கண்டிப்பா போன்னுட்டாங்க. ‘அங்க இருக்குற பொண்ணு நல்ல பொண்ணு, நமக்காக அழுதுச்சாம், கிராணி சொன்னாரு’ன்னாங்க.”

நான் பாத்ரூம் போகவேண்டும் என்று எழுந்து போனேன். வயிற்றுப் பிள்ளையின் சாக்கு நல்ல சாக்கு, யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

ஐந்து நாள் தாக்குப்பிடித்தேன். பட்டியல் அடிப்பதை, பிரிண்டரில் காகிதம் மாட்டுவதை, மற்றதையெல்லாம் காட்டினேன். அவளுக்குச் சொல்லவே வேண்டியதில்லை, கற்பூரம்தான். வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல் வேறு வழியில்லாமல் போகிற தட்டைக் காட்டவேண்டியதாயிற்று. கோப்பை அதில் போட்டாள். உறையை எடுத்து மூடப்போனேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“இது இப்பப் போயிருமாக்கா?”

“இல்ல. ஆறு மணிக்குத்தான் போவும்.”

“அதுக்கு முந்திப் போவாதா?”

“போவாது. டைம் வெச்சிருக்கு.”

மணி பன்னிரண்டு நாற்பது. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

“இப்ப மாத்துனதா? இல்ல ஆரம்பத்துலருந்தே ஆறுதானா?”

மாற்றியது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சீன டெக்னீசியன் எங்கேயோ போய்விட்டார். சாட்சி யாரும் இல்லை. முதலில் மத்தியானத்துக்கு வைத்திருந்தார்கள், மூன்றே வார்த்தை, முடிந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் கழுத்துப் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆரம்பத்துலருந்தே ஆறுதான்.”

“கிராணி பன்னண்டே முக்காலுக்குப் போன் பண்ணாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

“ஆமா.”

“யாரு எடுத்தா?”

“நான்தான்.”

“ஒரு பேர எடுக்க எவ்வளவு நேரமாவும்?”

“பத்து நிமிசம்.”

இப்போதுதான் திரும்பினாள். முகத்தில் கோபம்கூட இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்து விடை சரியாக வந்துவிட்ட முகம்.

“அப்ப எங்கக்கா போனீங்க?”

“முடி சுருட்டப் போனேன்.”

என் தலையைப் பார்த்தாள். நடுவகிடு எடுத்து, எண்ணெய் வைத்து, படியப் பின்னியிருந்தேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நான் அன்று ஆறு மணிவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆறுக்கு அது கிர்ரென்று சுற்றியது, பேசியது, வைத்துவிட்டது. யாரும் பக்கத்தில் இருக்கவேண்டியதில்லை என்று டெக்னீசியன் சொன்னாரே, அது சரிதான். நான் இருப்பதைக்கூட அது கண்டுகொள்ளவில்லை.

சனிக்கிழமை வரமாட்டாள் என்று நினைத்தேன். எட்டு மணிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அதே நாற்காலி. நான் இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். வர்ற வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வர்றேன், அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லி மன்னிப்புக் கேக்குறேன், பாக்கார் ஆராங் வீட்டு ரூமு பத்தியும் சொல்றேன் என்று ஒரே மூச்சில்.

“எந்த ரூமு?” என்றாள்.

அதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

“வராதீங்கக்கா” என்றாள். “அம்மா இன்னும் அந்தக் கம்ப்யூட்டரத்தான் திட்டிக்கிட்டு இருக்காங்க. அதத் திட்டுனா அவங்களுக்கு நிம்மதியா இருக்கு. அது ஒரு ஆளுன்னு தெரிஞ்சா அவங்க படுத்துருவாங்க. அதுவும் நீங்கன்னு தெரிஞ்சா… உங்க மனசு லேசாவுறதுக்கு அவங்க மனசு கெடவேணாம். நீங்களே வெச்சுக்குங்க.”

அதற்குப் பிறகு அந்த மூன்று வாரமும் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை இல்லை. நான் எப்படியாவது என்னைத் திட்டிவிடமாட்டாளா என்று காத்திருந்தேன், திட்டவில்லை.

அந்த வருடத் தீபாவளிக்கு அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் பால் மாவு டின். அதற்குள் அவள் அம்மா கொடுத்து அனுப்பிய முறுக்கு, வேலை கற்றுக்கொடுத்த அக்காவுக்கு. வருடா வருடம் வருகிறது. இப்போது என் மூத்தவனுக்குப் பத்து வயது, டின்னைக் கண்டாலே ஓடிவருகிறான். உள்ளே வா என்றால் அவள் வரமாட்டாள். தண்ணீர் வேண்டாம் என்பாள். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நிற்பாள்.

“ஒண்ணு சாப்பிடுங்கக்கா. எப்படி இருந்துச்சுன்னு அம்மா கேப்பாங்க.”

நான் டின்னைத் திறந்து ஒன்றை எடுத்துச் சாப்பிடுவேன். நன்றாகத்தான் இருக்கும், எள்ளு போட்டு, மொறுமொறுவென்று. நான் மென்று விழுங்கி முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்புறம்தான் போவாள்.